யூ.பி.எஸ். அழுத பத்து நிமிடம்

தினமும் இரண்டு மணி நேரம் மின்வெட்டு என்று இருந்த காலம் அது. எங்கள் ஊருக்குப் பகல் இரண்டிலிருந்து நான்கு வரை கரண்ட் இருக்காது. எங்கள் திருச்சபையின் பெண்கள் சங்கத்துக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு நடந்ததும் அந்த நேரத்தில்தான். அந்த வகுப்பில் படித்துத்தான் நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை.

நேரத்தை மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். காலையில் சமையல். அதன் பிறகு துணி, ஆடு, கோழி. நான்கு மணிக்குப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடும். வகுப்பில் இருந்த பன்னிரண்டு பெண்களும் ஒன்றாகக் கை ஒழிந்து இருப்பது ஒன்றரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் மட்டும்தான். மின்வாரியத்துக்கும் அது தெரிந்திருந்தது போல.

எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. படிப்பு பத்தாம் வகுப்பு. ஆள் முன்னால் நின்று பேச வேண்டும் என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு இரண்டு வருடம் முன்பு நாகர்கோவிலில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வாசலில் நின்று, "வாங்கக்கா, சேலையா சுடிதாரா" என்று கூப்பிட வேண்டும். நான் கூப்பிடத்தான் செய்தேன். அது எனக்கு மட்டும் கேட்டது. பதினோராம் நாள் முதலாளி என்னை ஓரமாக அழைத்து, "நீங்க நிக்கத பாத்தா, வாறவங்க சாவு வீட்டுக்கு வந்த மாதிரி பைய நடக்காங்க. நீங்க வீட்டுக்குப் போங்கம்மா" என்றார். நல்ல மனிதர். பஸ்ஸுக்குச் சில்லறையும் கொடுத்து அனுப்பினார்.

இந்த நிலையில்தான் சபைப் பள்ளிக்கூடத்தில் எழுத்தர் ஓய்வுபெறப் போகிறார் என்ற செய்தி வந்தது. அந்த அலுவலக அறை எனக்குத் தெரியும். ஒரே ஒரு சன்னல், அதற்குக் கம்பிவலை. வருகிறவர்கள் வலைக்கு அந்தப் பக்கம் நிற்பார்கள், எழுத்தர் இந்தப் பக்கம் இருப்பார். அவர்கள் காகிதத்தை நீட்டுவார்கள், அவர் காகிதத்தை நீட்டுவார். பேச்சே கிடையாது. மற்றவர்களுக்குச் சம்பளத்தின்மேல் ஆசை வந்திருக்கும். எனக்கு அந்த வலையின்மேல்தான் ஆசை வந்தது.

ஆனால் பள்ளித் தாளாளர் ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது ஒன்று சொல்லிவிட்டார். கம்ப்யூட்டர் தெரிந்த சபைப் பெண்ணுக்குத்தான் வேலை. சங்கத்தின் கம்ப்யூட்டர் வகுப்பு முடிவில் ஒரு போட்டி வைத்து, அதைப் பார்த்து அவர் ஆளைத் தேர்ந்தெடுப்பார்.

சங்கத்துக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சபைக் குடும்பம் வாங்கிக் கொடுத்தது. ரிப்பன் வெட்டி, ஜெபம் பண்ணி, சபை மண்டபத்தின் மூலையில் வைத்திருந்தோம். சங்கத்தில் கைவேலை தெரிந்த மூன்று பேர் சேர்ந்து குரோஷா நூலில் அதற்கு உறைகள் பின்னிப் போட்டிருந்தார்கள். மானிட்டருக்கு ஒன்று, சி.பி.யூ.வுக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. மௌஸுக்குப் பின்னியது பிறந்த குழந்தையின் தொப்பி மாதிரியே இருந்தது, கீழே நாடா வைத்து.

சொல்லிக்கொடுக்க வந்தது பி.சி.ஏ. முடித்த ஒரு பெண். எங்களில் பாதிப் பேருக்கு மகள் வயது. நாங்கள் அவளை டீச்சர் என்போம், அவள் எங்களை ஆன்ட்டி என்பாள். ஒன்றரை மணிக்கே வந்து கம்ப்யூட்டரைப் போட்டு வைத்துவிடுவாள். ஆனால் வகுப்பு சங்கத்தின் பெயரில் நடப்பதால் சங்கக் கூட்டத்தின் முறைப்படிதான் தொடங்கும். முதலில் பாட்டு. பிறகு வேத வாசிப்பு. பிறகு ஆஜர் எடுப்பு. எங்கள் சங்கத்தில் பெயரைக் கூப்பிட்டால் "உள்ளேன்" என்று சொல்வதில்லை, ஆளுக்கு ஒரு வேத வசனம் சொல்ல வேண்டும். பன்னிரண்டு வசனம் முடிந்த பிறகு சங்கத் தலைவி ஜெபம் பண்ணுவார். அறுபது வயதைத் தாண்டியவர், நல்ல குரல். ஊரில் சீக்காய்க் கிடப்பவர்கள் ஒவ்வொருவரையும் வீட்டு அடையாளத்தோடு சொல்லி ஜெபிப்பார். அவர் ஆமென் சொல்லவும் கரண்ட் போகவும் சரியாக இருக்கும்.

மூன்றாவது வகுப்பில் டீச்சர் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ஆன்ட்டி, ஜெபத்த கடைசில வச்சுக்கிடலாமா? இல்லன்னா கரண்ட் போயிருது."

தலைவி அவளை மேலும் கீழும் பார்த்தார். "மக்கா, ஜெபம் பண்ணியே கரண்ட் நிக்க மாட்டேங்கு. பண்ணாம தொடங்குனா கம்ப்யூட்டரே நிக்குமா?"

அடுத்த வகுப்பும் பாட்டோடுதான் தொடங்கியது.

கரண்ட் போனாலும் கம்ப்யூட்டர் உடனே அணையாது. அதனோடு யூ.பி.எஸ். என்று ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் பேட்டரி. கரண்ட் போன நொடியில் அது கீச், கீச் என்று அழத் தொடங்கும். அழ அழப் பத்து நிமிடம் கம்ப்யூட்டரைத் தாங்கும். பிறகு நீளமாக ஒரு அழுகை அழுதுவிட்டு அணைந்துவிடும், கூடவே கம்ப்யூட்டரும். எங்கள் செய்முறை வகுப்பு அந்தப் பத்து நிமிடம்தான். கீச் என்று கேட்டதும் பன்னிரண்டு பேரும் எழுந்து, ஆராதனையில் திருவிருந்து அப்பம் வாங்கப் போவதுபோல முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வரிசையில் நிற்போம். ஆளுக்கு ஒருமுறை மௌஸைத் தொட்டு, அம்புக்குறியை நகர்த்தி, ஒரு படத்தின்மேல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வந்துவிட வேண்டும்.

தலைவிதான் முதலில். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். பிறகு மூத்தவர்கள். நான் எல்லாருக்கும் வழிவிட்டு வழிவிட்டுப் பன்னிரண்டாவது ஆளாக நிற்பேன். எனக்கு முன்னால் பதினோராவதாக என் பக்கத்து வீட்டுக்காரி. சிறுவயதிலிருந்தே கூட்டாளி. அவள் பேசினால் எதிர்த்த வயலில் கொக்கு பறக்கும். அவள் மௌஸைத் தொட்டு இரண்டு தட்டுத் தட்டுவாள், யூ.பி.எஸ். நீளமாக அழும், எல்லாம் கறுப்பாகிவிடும். அவள் குற்றவாளி மாதிரி என்னைப் பார்ப்பாள்.

"அடுத்த வாட்டி நீ எனக்கு முன்னால நில்லு, கேட்டியா?"

"சரி."

அடுத்த வகுப்பில் கீச் என்று கேட்டதும் அவளும் அதை மறந்துவிடுவாள், நானும் சொல்ல மாட்டேன். மூன்று மாதம் வகுப்பு நடந்தது. ஒரு நாள்கூட என் முறை வரவில்லை.

பத்து நிமிடம் போக மீதி நேரத்தை என்ன செய்வது? டீச்சர் முதலில் கரும்பலகையில் எழுதிப் போட்டாள். பிறகு அவளுக்கே ஒரு யோசனை வந்தது. வருடா வருடம் மனப்பாட வசனப் போட்டியில் பரிசு வாங்கும் சங்கம் இது. அப்படியானால் கம்ப்யூட்டர் சொற்களையும் வசனம் மாதிரியே படிக்க வைத்தால் என்ன?

வசனப் போட்டிக்கு ஒரு விதி உண்டு. வசனம் எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம் என்பதை முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் சொல்ல வேண்டும். அதே விதி இதற்கும். "சி.பி.யூ. சென்ட்ரல் பிராசஸிங் யூனிட். கம்ப்யூட்டரின் மூளை. சி.பி.யூ." இப்படி அறுபது சொற்கள். யூ.ஆர்.எல்., ஒரு இணையப் பக்கத்தின் முகவரி. ஐ.எஸ்.பி., நமக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனம். டவுன்லோடு, இணையத்திலிருந்து நம் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்வது. அப்லோடு, நம்மிடமிருந்து அங்கே ஏற்றுவது. முதல் நாள் கூட்டமாகச் சொல்லி முடித்ததும் பழக்கத்தில் பன்னிரண்டு பேரும் ஆமென் என்றோம். டீச்சர் சிரிப்பை அடக்க சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராம், ரோம் என்ற இரண்டும்தான் எங்களைப் படாத பாடு படுத்தின. டீச்சர் பொறுமையாகச் சொன்னாள்.

"ராம்னா கம்ப்யூட்டருக்க தற்காலிக நினைவு, ஆன்ட்டி. கரண்ட் போனா அதில உள்ளது எல்லாம் மறந்துபோவும். ரோம் அப்படி இல்ல. கரண்ட் போனாலும் மறக்காது. அதில எழுதினது எழுதினதுதான், நாம அழிக்க முடியாது."

பக்கத்து வீட்டுக்காரி கையைத் தூக்கினாள். "அப்பம் எனக்க வீட்டுக்காரரு ராமு. காலையில சொன்ன சாமானம் ராத்திரிக்கு மறந்திரும். எனக்க மாமியா ரோமு. கல்யாணத்துக்கு எங்க வீட்டுல மீன்கறி பத்தாம போனத இருபது வருசமா மறக்கல்ல."

"ஏட்டி, பைய சொல்லு. ஒனக்க மாமியா வெளிய நிக்கா" என்றார் தலைவி.

மாமியார் உண்மையிலேயே நின்றார். ஆனால் அதன் பிறகு ராம், ரோம் எது எது என்று எங்களில் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

வைரஸ் என்று வந்த அன்று அதற்கு ஊசி உண்டா என்று ஒருத்தி கேட்டாள். ஊசி இல்லை, ஆன்டிவைரஸ் என்று ஒன்று உண்டு என்று டீச்சர் சொன்னாள். "ஆன்ட்டிமாருக்கு ஒரு வைரஸா?" என்று தலைவிக்குக் கோபம் வந்தது. அதைச் சமாதானப்படுத்துவதிலேயே அன்றைய வகுப்பு முடிந்துபோனது.

நான் வீட்டிலும் விடவில்லை. மரச்சீனிக் கிழங்கின் தோல் உரிக்கும்போது ஹெச்.டி.டி.பி. சொல்வேன். தேங்காய் துருவும்போது யூ.எஸ்.பி. என் வீட்டுக்காரர் கொத்தனார். ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னட்டி, அந்நிய பாஷை வந்துட்டா ஒனக்கு?"

"கம்ப்யூட்டரு படிக்கேன்."

"கம்ப்யூட்டர தொட்டுப் பாத்தியா?"

நான் மீன் சட்டியைக் கிளறினேன். அவர் சும்மாதான் கேட்டார். எனக்கு அறுபது சொல்லும் தலைகீழாகத் தெரியும். ஆனால் மௌஸ் கைக்குள் எப்படி இருக்கும், கனமா லேசா, அது எனக்குத் தெரியாது. தாளாளர் அதைக் கேட்டுவிட்டால் வேலை போயிற்று, வலையும் போயிற்று. டீச்சரிடம் சொல்லியிருக்கலாம். மூன்று மாதம் முடியும் நேரத்தில் போய், "நான் இன்னும் தொடவே இல்லை" என்று எப்படிச் சொல்வது? சொல்லக்கூடிய ஆளாக இருந்தால் நான் ஏன் பன்னிரண்டாவதாக நிற்கிறேன்?

போட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நடந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மின்வெட்டு கிடையாது. எங்கள் தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்க அந்தக் கம்ப்யூட்டர் பக்கம் போவதே புதுமையாக இருந்தது. மண்டபம் நிறைய ஆள். முன்வரிசையில் தாளாளர். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வெள்ளை முழுக்கைச் சட்டை, மடியில் ஒரு நோட்டு. மேடையில் கம்ப்யூட்டர் உறை கழற்றி வைக்கப்பட்டிருந்தது. அதன் பக்கத்தில் மைக்.

டீச்சர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவரும் முப்பது, நாற்பது சொல் வரை சொல்லி எங்காவது தடுக்கி விழுந்தார்கள். தலைவி ஜே.பி.ஜி.யில் விழுந்தார். பக்கத்து வீட்டுக்காரி ஐம்பது வரை வந்து, சொற்களுக்கு நடுவில் கூட்டத்தில் மாமியார் இருக்கிறாரா என்று பார்த்ததில் அடுத்த சொல்லை விட்டுவிட்டாள். கடைசியில் நான். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். டீச்சர் மைக்கை என் உதட்டில் முட்டுகிற மாதிரி பிடித்தாள். முன்னும் பின்னும் பெயர் சொல்லி, அறுபதையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்து, "ஆமென்" என்றேன். மண்டபம் முழுவதும் ஆமென் என்றது. கண்ணைத் திறந்தபோது தாளாளர் கைதட்டிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரி கீழே இருந்து குரல் கொடுத்தாள். "சாரே, இவளுக்கு எல்லாம் தெரியும். என்ன வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!"

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள்.

"கேக்கேன்" என்று தாளாளர் எழுந்தார். "பெரிசா ஒண்ணும் வேண்டாம். அந்தக் கம்ப்யூட்டர ஒண்ணு நிறுத்திக் காட்டுங்கம்மா, போரும்."

எனக்கு உயிர் வந்தது. மௌஸைப் பிடித்து ஏதாவது செய்யச் சொல்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். நிறுத்துவதா? கம்ப்யூட்டர் எப்படி நிற்கும் என்பதை மூன்று மாதமாக, வாரத்துக்கு இரண்டு முறை, கண்ணால் பார்த்திருக்கிறேன். முதலில் கரண்ட் போக வேண்டும். பிறகு யூ.பி.எஸ். அழ வேண்டும். பத்து நிமிடம் கழித்து நின்றுவிடும். அது வேறு விதமாக நின்று நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. எனவே மேடையிலிருந்து இறங்கினேன். நேராக நடந்து வாசல் பக்கம் போய், மண்டபத்தின் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தேன்.

விளக்குகள் அணைந்தன. மின்விசிறிகள் சோர்ந்து நின்றன. மைக் செத்தது. மேடையிலிருந்து கீச், கீச் என்று அழுகை வந்தது. நான் திரும்பி வந்து கம்ப்யூட்டர் பக்கத்தில் கைகட்டி நின்றேன். இன்னும் பத்து நிமிடம்தானே.

தாளாளர் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் மண்டபத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். கீச் சத்தம் கேட்டதும் சங்கத்துப் பெண்கள் பதினோரு பேரும் எழுந்துவிட்டார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மூத்தவர் முதலாக, மேடைப் படியிலிருந்து வாசல் வரைக்கும் வரிசையில் நின்றார்கள். தலைவி பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டே மேலே ஏறி வந்தார்.

"இது என்ன?" என்றார் தாளாளர். டீச்சர் தரையைப் பார்த்தாள்.

நான் வழக்கம்போலப் பின்னால் நகர்ந்தேன். அப்போதுதான் வரிசையின் கடைசியிலிருந்து பக்கத்து வீட்டுக்காரியின் குரல் வந்தது.

"எல்லாரும் நில்லுங்க! அவ இதுவரைக்கும் ஒரு தடவகூட அதத் தொட்டதில்ல! இன்னைக்காவது அவ முதல்ல தொடட்டு!"

மூன்று மாதம் நான் மறைத்ததை அவள் ஒரு மூச்சில் சபைக்கு முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். தாளாளர் என்னைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார்.

"தொட்டதே இல்லியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்ல சாரே. எனக்க முறை வருமுன்ன கரண்ட் தீந்துபோவும்."

"அப்பம் மெயின எதுக்கு ஆஃப் பண்ணினிய?"

"எங்க கிளாசுல அது அப்படித்தான் நிக்கும் சாரே."

யாரோ சிரித்தார்கள். பிறகு பின்வரிசை முழுவதும் சிரித்தது. என் காது சுட்டது. வலை என் கண்ணிலிருந்து மறைந்துகொண்டிருந்தது. தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். சிரித்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து மௌஸின்மேல் வைத்தார்.

"எனக்க முறைய நீ எடு, மக்கா. சீக்கிரம், அது அழுது தீரப்போவுது."

லேசாகத்தான் இருந்தது. குளிர்ந்த முட்டை மாதிரி. கொஞ்சம் தள்ளினேன், திரையில் அம்புக்குறி என்னோடு வந்தது. எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மெயினை இழுத்தபோது நினைவுக்கே வராத நாற்பத்தேழாவது சொல் மட்டும் இப்போது தானாக வாயில் வந்தது.

"ஷட் டவுன். திறந்திருப்பதையெல்லாம் மூடி, கம்ப்யூட்டரை முறைப்படி நிறுத்துதல். இடப்பக்கம் கீழ்மூலையில் ஸ்டார்ட் என்ற பொத்தானை அமுக்கி..."

சொல்லிக்கொண்டே மூலைக்குப் போனேன். அங்கே நிஜமாகவே ஸ்டார்ட் இருந்தது. அமுக்கினேன். ஒரு பட்டியல் எழும்பி வந்தது. வசனத்தின் அடுத்த வரியைச் சொன்னேன், அந்த வரியும் பட்டியலில் இருந்தது. அதையும் அமுக்கினேன். மின்விசிறிகள் நின்றிருந்ததால் என் குரல் மைக் இல்லாமலே முதல்முறையாகப் பின்வரிசை வரைக்கும் போனது. நான் அதைக் கவனிக்கவில்லை, பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். திரை நீலமானது. பிறகு கறுப்பானது. சி.பி.யூ. ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. யூ.பி.எஸ். மட்டும் இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"ஷட் டவுன்" என்று முடித்தேன். வரிசையில் நின்றவர்கள் ஆமென் என்றார்கள். மௌஸைத் தொடக் கிடைக்காத வருத்தம் அதில் கொஞ்சம் இருந்தது.

டீச்சர் ஓடிவந்து யூ.பி.எஸ்.ஸை அணைத்தாள். யாரோ மெயினைப் போட்டார்கள். தாளாளர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்தார்.

"ஸ்கூல் ஆபீஸ் கம்ப்யூட்டர் இந்த வருசம் ரெண்டு வாட்டி கேடாயிட்டு" என்றார், பாதி என்னிடம், பாதி சபையிடம். "கரண்ட் போவும்போ யூ.பி.எஸ். கத்துது. நம்ம எழுத்தர் வெப்ராளத்துல பதறி எழும்பி வெளிய போயிருவாரு. அது கத்திக் கத்தி, முறையா நிறுத்தாம அணைஞ்சு போவும். ரிப்பேருக்கு வாறவன் என்ன சொல்லுகான்? பத்து நிமிசத்துக்குள்ள அத நிறுத்தத் தெரிஞ்ச ஒரு ஆள வைங்கன்னு சொல்லுகான்."

நோட்டில் என்னவோ எழுதினார். "மத்தத அங்க வந்து படிச்சுக்கிடலாம். ஆனா மெயின் சுவிட்ச தொடப்பிடாது. கேட்டியளா?"

"கேட்டேன் சாரே."

திரும்பும் வழியில் பக்கத்து வீட்டுக்காரி என் தோளில் இடித்தாள். "எனக்க வாயாலதான் ஒனக்கு வேலை கெடச்சுது. பாத்தியா?"

"ஒனக்க வாயால வேலை போவவும் பாத்துது."

"போவல்லல்லா?"

அடுத்த மாதம் வலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். முதல் வாரம் நான் நினைத்த மாதிரியே இருந்தது. காகிதம் வரும், காகிதம் போகும். இரண்டு மணிக்கு யூ.பி.எஸ். அழும், நான் இரண்டு நிமிடத்தில் முறைப்படி நிறுத்திவிடுவேன். நான் யோசிக்காதது அதற்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரத்தைத்தான். கம்ப்யூட்டரும் இல்லை, விசிறியும் இல்லை. அலுவலகச் சன்னலில் மட்டும் பக்கத்துத் தோப்புக் காற்று வரும். டி.சி. வாங்க வந்த தாய்மார் அங்கேயே நின்றுவிடுவார்கள். வகுப்பு இல்லாத டீச்சர்மார் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மகன் துபாயிலிருந்து மெயில் ஐடி கேட்கிறான், அது என்ன என்று ஒருவர் கேட்பார். பாஸ்வேர்டை அடுத்த வீட்டில் சொல்லிவைத்தால் மறக்காதல்லவா என்று இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரி ஒன்றும் கேட்காமலே வலையில் முகத்தை வைத்துப் பேசிக்கொண்டிருப்பாள். பேச வேண்டாத வேலை என்று ஆசைப்பட்டு வந்த எனக்குத் தினம் இரண்டு மணி நேரம் பேசுவதே வேலையாகிப்போனது.

இப்போது மின்வெட்டும் இல்லை, பள்ளியில் கம்ப்யூட்டரும் எட்டு ஆகிவிட்டது. கேட்பவர்கள் மட்டும் குறையவில்லை. யாராவது வந்து, "அக்கா, பி.டி.எஃப்.னா என்னது?" என்று கேட்டால் இன்றும் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை பெயரைச் சொல்லித்தான் விளக்குகிறேன். கடைசியில் வரும் ஆமெனை மட்டும் வாய்க்குள் வைத்துக்கொள்கிறேன்.